குதிரைப் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கு எந்தக் கார்ட்டூன்? ஐந்து தேர்வுகள், ஒரு ஒப்பீடு

"பிள்ளைக்குக் குதிரை என்றால் உயிர். ஸ்பிரிட் போடலாமா, மை லிட்டில் போனி போடலாமா?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கூடவே இன்னொரு கவலையும் வரும். தொடரைப் பார்த்துப் பழகிய பிள்ளை, கொடைக்கானல் ஏரிக்கரையிலோ மெரினாவிலோ நிஜக் குதிரையைக் கண்டதும் பின்னாலிருந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்க்கிறது.

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். சிறகு முளைத்த, பாட்டுப் பாடுகிற குதிரையை எந்தப் பிள்ளையும் நிஜம் என்று நம்பாது. நிஜக் குதிரை போலவே ஓடி, மூச்சு வாங்கி, கனைத்து, ஆனால் அதைக் கையாளும் முறையை மட்டும் காட்டாமல் விட்டுவிடுகிற தொடர்தான் தவறான பாடத்தைச் சொல்லித்தருகிறது. இங்கே தேர்வுகளை எடைபோடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான். சில முடிவுகள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

குதிரையின் உடல்மொழி. குதிரை இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. சத்தம் போட்டுத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்க அது விரும்பாது. பெரும்பாலான நேரம் அமைதியாகவே இருக்கும். பேசுவதெல்லாம் காது, வால், கழுத்து வழியாகத்தான். காது முன்னோக்கி நின்றால் கவனம். பின்னால் கழுத்தோடு ஒட்டப் படிந்தால் கோபம், அடுத்தது கடியோ உதையோ வரலாம். ஈ இல்லாதபோதும் வாலை விசிறி அடித்தால் எரிச்சல். திரையில் குதிரை தலையைத் திருப்பும்போதெல்லாம் கனைப்பு ஒலியைச் சேர்க்கிறார்கள். அது ஒலிப்பதிவுக் கூடத்தின் பழக்கம், குதிரையின் பழக்கம் அல்ல.

அருகில் போகும் விதம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்கு ஏறக்குறைய 350 டிகிரி பார்வை உண்டு. தெரியாத இடங்கள் இரண்டுதான்: நெற்றிக்கு நேர் முன்னால் சிறு பகுதி, வாலுக்கு நேர் பின்னால். சரியான வழி, பக்கவாட்டில் தோள்பட்டையை நோக்கி, குரல் கொடுத்துக்கொண்டே நடந்து போவது. முதலில் தொட வேண்டிய இடமும் தோள்தான், மூக்கு அல்ல.

சவாரியும் நடையும். சாதாரண நடையில் நான்கு குளம்புத் தட்டு கேட்கும். டிராட் என்ற மெல்லோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு தட்டு, கேன்டர் என்ற நடுத்தர ஓட்டத்தில் மூன்று, நாலுகால் பாய்ச்சலில் மறுபடி நான்கு. 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமரா வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றுக்குக் கீழே மடங்கி இருப்பது அப்போதுதான் உறுதியானது. அதற்கு முந்தைய ஓவியங்களில் முன்கால் முன்னாலும் பின்கால் பின்னாலும் நீட்டியபடி குதிரை பறக்கும். மலிவான அனிமேஷனில் இன்றும் அப்படித்தான் பறக்கிறது.

பராமரிப்பு. 400 கிலோ குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, அதாவது 6 முதல் 8 கிலோ உலர்ந்த புல் தின்னும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. வெயில் காலத்தில் 40ஐத் தாண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் தவறான தீனி வயிற்றுவலியில் முடிந்து உயிரையே எடுக்கும். இதில் எதையாவது தொடர் காட்டுகிறதா? சாணியை யார் அள்ளுகிறார்கள்?

வயது, நேரம், பின்னால் வரும் செலவு. சந்தாவைவிட, தொடர் முடிந்த பிறகு வரும் பொம்மை ஆசையும் சவாரி ஆசையும்தான் கையைக் கடிக்கும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | வந்த ஆண்டு | மொத்த நேரம் (சுமார்) | ஏற்ற வயது | நிஜக் குதிரைக்கு எவ்வளவு அருகில் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| ஸ்பிரிட்: ஸ்டாலியன் ஆஃப் தி சிமரான் | 2002 | 83 நிமிடம் | 7+ | அசைவில் மிக அருகில் | துப்பாக்கி, தீ, வதைக் காட்சிகள் |
| ஸ்பிரிட் ரைடிங் ஃப்ரீ | 2017–2019 | 20 மணி நேரம் | 6+ | தோற்றத்தில் அருகில், கையாளுவதில் தொலைவு | ஹெல்மெட், சேணம் இல்லாச் சவாரி |
| மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக் | 2010–2019 | 80 மணி நேரம் | 4+ | நிஜத்தோடு போட்டியே இல்லை | பொம்மைச் செலவு |
| ஹார்ஸ்லேண்ட் | 2006–2008 | 14 மணி நேரம் | 6+ | சூழல் அருகில், அசைவு தொலைவு | விறைப்பான அனிமேஷன் |
| சில்வர் ஸ்பூன் | 2013–2014 | 8 மணி நேரம் | 12+ | எல்லாவற்றிலும் அருகில் | விலங்கு வெட்டு, கடன் |

## ஸ்பிரிட்: ஸ்டாலியன் ஆஃப் தி சிமரான் (2002)

ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் இந்தப் படத்துக்காக டோனர் என்ற கைகர் மஸ்டாங் ஆண் குதிரையை மாதிரியாக வைத்துக்கொண்டது. மஸ்டாங் என்றால் அமெரிக்கக் காட்டுக் குதிரை; கைகர் என்பது ஓரிகன் மாநிலத்தில் உள்ள அதன் ஒரு வகை. நாயகக் குதிரையின் அனிமேஷனுக்குத் தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் பாக்ஸ்டர். அந்த உழைப்பு ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. எடை எந்தக் காலில் விழுகிறது, திரும்பும்போது கழுத்து எப்படிச் சமன் செய்கிறது, பயந்தால் எந்தத் தசை துடிக்கிறது என்பதெல்லாம் சரியாக இருக்கும். கையால் வரைந்த குதிரைகளில் இதற்கு இணையானவை மிகக் குறைவு.

குதிரைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பது இன்னொரு பலம். மாட் டேமன் குரலில் மனப்பேச்சு மட்டும் அங்கங்கே வரும், மற்றபடி உடல்மொழிதான். ஒலியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் போட்டு, "இப்போது காதைப் பார், என்ன நினைக்கிறது?" என்று பிள்ளையிடம் கேட்கலாம். மற்ற எந்தத் தேர்விலும் இந்தப் பயிற்சி இவ்வளவு நன்றாக நடக்காது.

குறைகளும் உண்டு. முகத்தில் புருவம் வைத்து மனிதச் சிரிப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாயகன் பிறந்த மந்தைக்கே தலைவனாகிறான். நிஜத்தில் ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு விலகி, மற்ற இளம் ஆண்களோடு திரியும். எங்கே மேய்வது, எப்போது தண்ணீருக்குப் போவது என்பதில் அனுபவம் மிக்க பெண் குதிரையின் பின்னால் கூட்டம் போவதுதான் வழக்கம். ஆண் குதிரை பெரும்பாலும் பின்னால் இருந்து, தலையைத் தாழ்த்திக் காதை ஒட்டவைத்து ஓட்டிக்கொண்டு வரும்.

உச்சக்காட்சியில் ஒரு பள்ளத்தாக்கையே தாண்டுகிறான், முதுகில் ஆளோடு. குதிரை நீளம் தாண்டியதில் உலக சாதனை 8.40 மீட்டர். 1975இல் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. பிள்ளையோடு தெருவில் இறங்கி அந்த 8.40 மீட்டரை அளந்து காட்டுங்கள். அதுவே எவ்வளவு பெரிய தாண்டல் என்று புரியும். படத்தின் மேல் உள்ள மதிப்பும் குறையாது.

படத்தின் சாரம் ஒரு காட்சியில் இருக்கிறது. குதிரைப்படைத் தளபதி ஸ்பிரிட்டைக் கம்பத்தில் கட்டி, மூன்று நாள் தீனியும் தண்ணீரும் கூடாது என்கிறான். குதிரையின் குடல் நாள் முழுவதும் சிறிது சிறிதாக நார்த்தீனி இறங்கிக்கொண்டே இருக்கும்படி அமைந்தது. இப்படிக் காயப்போட்டால் "அடங்கும்" என்பதைவிட வயிற்றுவலியில் விழும் என்பதே உண்மை. பிறகு வரும் லகோட்டா பழங்குடி இளைஞன் லிட்டில் கிரீக் வேறு வழியில் முயல்கிறான், முதலில் அவனாலும் ஏற முடியவில்லை. பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இங்கே இருக்கிறது: நல்ல பயிற்சி என்பது சிறு அழுத்தம் கொடுத்து, குதிரை சரியாகச் செய்த அதே கணத்தில் அழுத்தத்தை விட்டுவிடுவது. அந்த விடுதலையிலிருந்துதான் குதிரை கற்கிறது.

ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால் யோசியுங்கள். ஒரு குதிரை சுடப்படுகிறது, ரயில் எஞ்சின் வெடிக்கிறது, காடு எரிகிறது.

## ஸ்பிரிட் ரைடிங் ஃப்ரீ (2017–2019), ஸ்பிரிட் அன்டேம்ட் (2021)

முந்தைய படத்திலிருந்து கிளைத்த தொடர் இது. அதிகம் கேட்கப்படுவதும் இதுதான். நெட்ஃபிளிக்ஸில் 52 எபிசோடு. நகரத்திலிருந்து மிராடெரோ என்ற எல்லைப்புற ஊருக்கு வரும் 12 வயது லக்கி, பிடிபட்ட ஒரு மஸ்டாங்கோடு நட்பாகிறாள். தோழிகள் இருவர். ப்ரூவிடம் பழக்கப்பட்ட பாலமினோ (பொன்னிறக்) குதிரை சிக்கா லிண்டா, அபிகெயிலிடம் வெள்ளைத் திட்டுப் போட்ட பூமராங். 2021 படம் இதே கதையை மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்கிறது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மூன்று குதிரைக்கும் மூன்று குணம். குதிரைகள் பேசுவதில்லை. பெண்பிள்ளைகள் துணிந்து முடிவெடுக்கிறார்கள், விழுந்து எழுகிறார்கள். ஒரு குதிரை ஒருவரை ஏற்றுக்கொள்ள நேரம் ஆகும் என்ற எண்ணமாவது மனதில் பதியும். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளையைக் கட்டிப்போடும் வேகமும் உண்டு.

ஆனால் எல்லாத் தேர்வுகளிலும் அதிகக் கவனத்தோடு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதுதான். தவறுகள் எங்கே, ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*தலைக்கவசம் இல்லை.* கதை பழைய அமெரிக்க மேற்கில் நடப்பதால் அது சரித்திரப்படி சரி. பார்க்கிற ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரித்திரம் தெரியாது. "அந்தக் காலத்தில் பைக்கிலும் ஹெல்மெட் கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். முதல் எபிசோடிலேயே சொல்லுங்கள்.

*சேணமும் கடிவாளமும் இல்லாச் சவாரி.* லக்கி பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு பாய்ந்து போகிறாள். நிஜத்திலும் கடிவாளமில்லாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பல ஆண்டுப் பயிற்சியின் கடைசிப் படி. இருக்கையின் எடையை மாற்றினாலே நிற்கும் அளவுக்குக் குதிரையும் ஆளும் பழகிய பிறகு, வேலி அடைத்த களத்தில் தொடங்குவது. தொடரிலோ அதுவே நட்பின் அடையாளம் ஆகிவிடுகிறது. "அன்பு இருந்தால் கயிறு தேவையில்லை" என்று பிள்ளை புரிந்துகொள்ளும். உண்மை அப்படி இல்லை. நன்றாகப் பொருந்திய சேணம் சவாரி செய்பவரின் எடையை முதுகெலும்பின் இரு பக்கத் தசைகளிலும் பரப்புகிறது. அது குதிரைக்கும் நல்லது.

*எல்லாம் பாய்ச்சலிலேயே நடக்கிறது.* நாலுகால் பாய்ச்சல் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். புதிதாகக் கற்பவர் முதல் பல வகுப்புகளில் நடையைத் தாண்டமாட்டார். இதைச் சொல்லாமல் வகுப்பில் சேர்த்தால், இரண்டாம் வாரமே பிள்ளைக்குச் சலித்துவிடும். கட்டிய பணம் வீணாவதற்கு இந்த ஏமாற்றம் பெரிய காரணம்.

*ஓடிய பின் என்ன ஆகிறது?* வேகமாக ஓடிய குதிரையை அப்படியே நிறுத்தக் கூடாது. மூச்சு சீராகும் வரை 10, 15 நிமிடம் கயிறு பிடித்து மெல்ல நடத்த வேண்டும், வியர்வையைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், காலைத் தடவிச் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாகசக் கதைக்கு இதற்கு நேரம் இருப்பதில்லை.

*கையில் ஆப்பிள்.* கதையில் இது நம்பிக்கையின் பாலம். நிஜத்தில் விரலால் பிடித்து நீட்டினால் கடி விழும். மூக்கு முனைக்குக் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது, உதட்டால் தடவித்தான் அறியும். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, நீளத் துண்டாக நறுக்கி வைக்க வேண்டும். உருண்டையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். எல்லாவற்றுக்கும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

இந்தத் தொடரை வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. பிள்ளை அடுத்த மாதமே சவாரி வகுப்பில் சேரப்போகிறது என்றால், இது முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

## மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக் (2010–2019)

1980களின் ஹாஸ்ப்ரோ பொம்மை வரிசையை லாரன் ஃபாஸ்ட் புதிதாக உருவாக்கிய தொடர். 9 சீசன், 222 எபிசோடு. போனிகளுக்கு வீடு உண்டு, தொழில் உண்டு, நூலகம் உண்டு. முதுகில் ஏறி ஓட்ட ஆளே கிடையாது. கால்கள் உருளை, பின்காலில் குதிகால் மூட்டு இருக்க வேண்டிய வளைவு தெரியாது. கண்கள் முகத்தில் பாதி.

இந்தக் காரணங்களாலேயே இது பாதுகாப்பான தேர்வு. இங்கே குதிரையைக் கையாளும் காட்சியே இல்லாததால் தவறாகக் கையாளும் காட்சியும் இல்லை. குணத்தில் வேறுபட்ட ஆறு நண்பர்கள் சண்டை போட்டுச் சமாதானம் ஆகும் கதைகள் இவை; நான்கு ஐந்து வயதுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே ஒரு இடத்தில் விளக்கம் தேவை. ஆப்பிள்ஜாக் பின்னங்காலால் மரத்தை உதைத்துப் பழம் உதிர்ப்பாள். "நிஜக் குதிரையும் இப்படித்தான் உதைக்கும், அதனால்தான் பின்னால் போகக் கூடாது" என்று சொன்னால், எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகப் பதியும்.

மறைந்திருக்கும் செலவு பொம்மை. தொடரின் அடிப்படையே பொம்மை விற்பனை என்பதால் புதுப் பாத்திரம் வரும்போதெல்லாம் கடையில் புதுப் பொம்மையும் வரும். 222 எபிசோடு என்றால் தினம் ஒன்று பார்த்தாலும் ஏழு மாதத்துக்கு மேல் ஓடும். முன்கூட்டியே ஒரு வரம்பு போட்டுவிடுங்கள்.

ஷீ-ரா என்ற பழைய கார்ட்டூன் தொடருக்கு 2018இல் வந்த மறு ஆக்கத்தில் வரும் ஸ்விஃப்ட் விண்டும் இந்த வகைதான். பேசும் சிறகுக் குதிரை, மற்ற குதிரைகளுக்கு விடுதலை வேண்டும் என்று முழங்கும். கதை பெரிய பிள்ளைகளுக்கானது. குதிரைக்காக மட்டும் அதைப் போட வேண்டியதில்லை.

## ஹார்ஸ்லேண்ட் (2006–2008)

39 எபிசோடு. பிள்ளைகள் ஒரே லாயத்தில் குதிரை வைத்துக்கொண்டு போட்டிகளுக்குத் தயாராகிறார்கள். ஷெப் என்ற நாய் கதை சொல்கிறது, குதிரைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. பிடரி மயிரில் வண்ணக் கீற்றுகள் வேறு.

படம் அசையும் விதம் சுமார்தான். ஆனால் சவாரி என்றால் ஒரு இடம், ஒரு நேரம், ஒரு பயிற்சி, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் லாயம் என்ற எண்ணம் இதில் வருகிறது. ரைடிங் ஃப்ரீயில் அது கிடைக்காது. வகுப்பில் சேர இருக்கும் ஏழு எட்டு வயதுக்கு இது கைகொடுக்கும்.

## சில்வர் ஸ்பூன் (2013–2014)

22 எபிசோடு கொண்ட ஜப்பானிய அனிமே. ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்து, வேளாண் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஹிரோமு அராகவாவின் மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) வந்தது. நகரத்துப் பையன் ஹச்சிகென் வேளாண் பள்ளிக்கு வந்து குதிரையேற்ற மன்றத்தில் சேர்கிறான். விடியும் முன் எழுந்து கொட்டிலைச் சுத்தம் செய்வதில் தொடங்குகிறது அவன் சவாரி. குதிரைமேல் ஏறியதும் உயரம் பயமுறுத்துகிறது. குதிரை அவன் சொன்னதைக் கேட்பதில்லை. குதிரையை மதிக்கக் கற்கும் பாதை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. ஒபிஹிரோவில் நடக்கும் பானெய் பந்தயமும் வருகிறது. ஒரு டன் எடையை நெருங்கும் இழுவைக் குதிரைகள் பனிச்சறுக்கு வண்டியை இழுத்து, இரண்டு மேடுகள் உள்ள 200 மீட்டர் மணல் பாதையைக் கடக்கும் போட்டி அது.

சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். ஹச்சிகென் பெயர் வைத்து வளர்த்த பன்றி இறைச்சியாகிறது. கடனில் ஒரு பண்ணை மூழ்குகிறது. 12 வயதுக்கு மேல், "குதிரை வளர்க்கலாமா அப்பா?" என்று விடாமல் கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை.

## எந்த வீட்டுக்கு எது

நான்கு, ஐந்து வயது: மை லிட்டில் போனி, பொம்மை வரம்போடு. ஏழு வயதைத் தாண்டி, நிஜக் குதிரையைக் கூர்ந்து பார்க்கும் ஆர்வம் இருந்தால் 2002 ஸ்பிரிட். வகுப்பு தொடங்கப்போகிறது என்றால் ஹார்ஸ்லேண்ட், கூடவே 2002 படம். ரைடிங் ஃப்ரீயை இரண்டு மூன்று மாதம் தள்ளிவையுங்கள். அதற்குள் பிள்ளைக்கே "இவள் ஏன் ஹெல்மெட் போடவில்லை?" என்ற கேள்வி வந்துவிடும். சவாரிக்கு வாய்ப்பே இல்லாத, கதைக்காக மட்டும் பார்க்கும் வீட்டில் ரைடிங் ஃப்ரீயை இப்போதே போடலாம்.

## திரையை விட்டுக் குதிரைமேல் ஏறும்போது

எந்தத் தொடரைத் தேர்ந்தாலும், கடற்கரையிலோ மலையூரிலோ ஒரு சுற்றுச் சவாரி கேட்டு அழுகை வரத்தான் செய்யும். அதற்குமுன் பார்க்க வேண்டியவை:

- ஹெல்மெட். குதிரையேற்றத்துக்கானது என்றால் உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1163 அல்லது இஎன் 1384 போன்ற தர அடையாளம் இருக்கும். வகுப்பில் சேர்ந்தால் இதைத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்ற வேண்டும். ஒரே சுற்றுக்குச் சைக்கிள் ஹெல்மெட் வெறுந்தலையைவிட மேல், ஆனால் அதற்கு ஈடல்ல. மோட்டார் பைக் ஹெல்மெட்டின் எடையைச் சின்னக் கழுத்து தாங்காது.
- காலணி. சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ. செருப்போடும், அடி தட்டையான ஷூவோடும் ஏறினால் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது அப்படி மாட்டினால் இழுத்துக்கொண்டு போகும்.
- அங்கவடி நீளம். பெரியவர்களுக்கு வைத்த நீளத்தில் சின்னக் கால் எட்டாது. சிலர் அங்கவடிக்கு மேலே உள்ள தோல்வாருக்குள் பாதத்தைச் செருகிவிடுவார்கள். விடாதீர்கள், அந்த வார் காலை விடாது. நீளத்தைக் குறைக்க முடியாவிட்டால் கால் தொங்கட்டும், நடையில் மட்டும் போகட்டும்.
- கயிறு யார் கையில்? குதிரைக்காரர் தலைப்பக்கத்தில் நடந்து வர வேண்டும். பெரியவர் ஒருவர் பிள்ளையின் கால் பக்கமாக நடக்கலாம். கயிற்றை யாரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. குதிரை மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும்.
- குதிரையின் நிலை. முதுகில் சேணம் உரசிய புண், நொண்டல், துருத்திய விலா எலும்பு இருந்தால் ஏற வேண்டாம். காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஸ்பிரிட்டைக் கம்பத்தில் கட்டிய காட்சியைப் பார்த்த பிள்ளைக்கு அது உடனே புரியும்.
- ஏறும் பக்கம். இடப்பக்கம் ஏறுவது வழக்கம், குதிரைகள் அதற்கே பழகியிருக்கும். ஏறி முடிக்கும்வரை குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்திருக்க வேண்டும்.